அனலாக், டிஜிட்டல் ரெண்டும் ஒரே ரிப்பீட்டர்ல: எம்எம்டிவிஎம் போர்டு வாங்கி எட்டு மாசம் ஓட்டுன அனுபவம்

நம்ம பினாங்கு ஹாம் ரேடியோ குரூப்ல இருக்குற பழைய யுஎச்எஃப் ரிப்பீட்டரை, அதாவது சின்ன செட்டோட சிக்னலை வாங்கி உயரத்துல இருந்து திரும்ப அனுப்புற பெட்டியை, இன்டர்நெட் வழியா நெட்வொர்க்ல கோத்து விடணும்னு ரெண்டு வருஷமா பேசிக்கிட்டே இருந்தோம், போன வருஷக் கடைசியிலதான் ஒரு எம்எம்டிவிஎம் ரிப்பீட்டர் போர்டை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி மாட்டுனோம். எட்டு மாசம் ஆச்சு. போர்டு நல்லா இருக்கா, வாங்கலாமான்னு கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்தும் ஈப்போல இருந்தும் ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட முடியல, அதான் எல்லாத்தையும் இங்க எழுதிடுறேன்.

நான் இதை எப்படி மதிப்பு போடுறேன்னு முதல்லயே சொல்லிடுறேன். எங்க குரூப்ல ஒரு பெரியவர் இருக்காரு, புக்கிட் மெர்தாஜாம்ல வீடு, தமிழ்ப்பள்ளி வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு, நாங்க எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம். எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தது அவர்தான், பரீட்சைக்குப் படிக்க வச்சதும் அவர்தான். அவர்கிட்ட இருக்குறது ஒரு பழைய எஃப்எம் மொபைல் செட்டும் ஒரு எஃப்எம் கையடக்க செட்டும், அவ்வளவுதான். டிஜிட்டல் ரேடியோ வாங்க அவருக்கு வசதி இல்லன்னு இல்ல, கண்ணு சரியா தெரியல, சின்ன ஸ்கிரீன்ல மெனு தேடுறது அவருக்கு சுசா, கஷ்டம். பட்டனை அமுக்கணும், பேசணும். அதனால என் கணக்கு ஒண்ணே ஒண்ணு: ரிப்பீட்டரை நெட்வொர்க்ல கோத்த பிறகு சார் தன்னோட பழைய செட்டுல பட்டனை அமுக்குனா கேஎல்ல இருக்குற அவரோட பழைய மாணவனுக்குக் கேக்கணும், அவன் பேசுனா சாருக்குக் கேக்கணும். கேட்டா போர்டு பாஸ். கேக்கலன்னா அதுல எத்தனை மோடு (குரலை அனுப்புற முறை) இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. எம்எம்டிவிஎம்ங்கறது இங்கிலாந்துல இருக்குற ஜொனாதன் நெய்லர், ரேடியோ அழைப்புப் பேரு ஜி4கேஎல்எக்ஸ், எழுதுன ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். ஒரு எஸ்டிஎம்32 சிப் ரேடியோவோட ஆடியோவை செகண்டுக்கு 24,000 தடவை சாம்பிள் எடுத்து, வந்தது டிஜிட்டல் மோடுகள்ல டிஎம்ஆரா, டி-ஸ்டாரா, யேசு (Yaesu) கம்பெனியோட சிஃபோர்எஃப்எம்மா, பி25-ஆ, என்எக்ஸ்டிஎன்னான்னு கண்டுபிடிச்சு பிரிச்சுக் கொடுக்கும். ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஓடுற எம்எம்டிவிஎம்ஹோஸ்ட்ங்கற புரோகிராம் அதை இன்டர்நெட்டுக்கு அனுப்பும். 2020-ல அதுக்குள்ள அனலாக் எஃப்எம்மையும் சேத்தாங்க, அதுதான் எங்களுக்கு வழி விட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒரே ரிப்பீட்டர்ல அனலாக்கும் வேணும் டிஜிட்டலும் வேணும்னா தனி கன்ட்ரோலர் வச்சு ரிலே போட்டு மாத்தி மாத்தி விடணும், அந்த வேலையைப் பார்த்தவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

இங்க நிறைய பேரு தப்பா வாங்கிடுறாங்க, கவனமா படிங்க. கையில வச்சுக்குற சின்ன டிஜிட்டல் ரேடியோ ஹாட்ஸ்பாட் இருக்கே, பை ஜீரோ மேல உக்காந்திருக்குற அந்தக் குட்டி போர்டு, அதுல இருக்குறது ஏடிஎஃப்7021ங்கற ரேடியோ சிப். அதுக்கும் எம்எம்டிவிஎம்னுதான் பேரு, ஆனா அதால அனலாக் எஃப்எம் ரிப்பீட்டரா ஓட முடியாது, டிஜிட்டல் மட்டும்தான். ரிப்பீட்டருக்கு வேணும்னா ரேடியோ சிப் இல்லாத, வெளியில இருக்குற ரெண்டு ரேடியோவோட வயர்ல சேருற மோடம் போர்டு வாங்கணும், அதுலயும் எஸ்டிஎம்32எஃப்4 இல்ல எஃப்7 சிப் இருக்கான்னு பார்த்து வாங்கணும். விக்கிறவங்க படத்தை மட்டும் போட்டுட்டு ரெண்டையும் ஒரே பேர்ல விக்கிறாங்க. எங்க குரூப்ல ஒரு தம்பி அப்படி தப்பா வாங்கி 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போச்சு, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

எங்க செட்டப்: ரெண்டு மோட்டோரோலா ஜிஎம்338, ஒண்ணு ரிசீவ், ஒண்ணு டிரான்ஸ்மிட். செகண்ட் ஹேண்ட்தான், ஒரு செக்யூரிட்டி கம்பெனி கழிச்சு விட்டது. பின்னாடி ஸ்டிக்கர்ல மேட் இன் மலேசியான்னு இருக்கும், எங்களுக்கு அது ஒரு தனி சந்தோஷம், ஏன்னா 1970-கள்ல இருந்து மோட்டோரோலா இங்க பினாங்குல இருக்கு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில லைன்ல நின்ன அக்கா அண்ணனுங்க நம்ம சொந்தத்துலயே எத்தனை பேரு இருக்காங்க. எங்க பெரியம்மாவும் அங்கதான் ஷிஃப்ட் வேலை பார்த்தாங்க. அந்தக் காலத்து ரேடியோ இன்னைக்கு டிஎம்ஆர் ரிப்பீட்டரா ஓடுறதைப் பார்க்குறப்ப நிஜமாவே பெருமையா இருக்கு.

ஆன்டெனா ஆயர் ஈத்தாம்ல ஒரு உயரமான பிளாட் மொட்டை மாடியில, மேனேஜ்மென்ட்ல எழுதி அனுமதி வாங்கித்தான் வச்சிருக்கோம். தொலைத்தொடர்பு ஆணையம் எம்சிஎம்சியில ரிப்பீட்டருக்குத் தனியா அப்பாரட்டஸ் அசைன்மென்ட்ங்கற அனுமதி எடுத்தாச்சு, உங்க சொந்த லைசென்ஸ் இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க, ரிப்பீட்டர்னா அது வேற பேப்பர். ஒரே ஆன்டெனாவுல வாங்கவும் அனுப்பவும் பிரிச்சு விடுற கேவிட்டி டூப்ளெக்ஸர் ஒண்ணு, வாங்குற ஃப்ரீக்வென்சிக்கும் அனுப்புறதுக்கும் நடுவுல 5 மெகாஹெர்ட்ஸ் ஷிஃப்ட், பவரை 15 வாட்டுக்குக் கீழ இறக்கி வச்சிருக்கோம். அதுக்குக் காரணம் இருக்கு, மொபைல் ரேடியோ எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசுறதுக்குன்னு செஞ்சது, ரிப்பீட்டர்ல போட்டா அது பாட்டுக்கு நிமிஷக்கணக்கா டிரான்ஸ்மிட்லயே நிக்கும், நம்ம ஊரு வெயில்ல மொட்டை மாடி பெட்டிக்குள்ள ஃபுல் பவர்ல விட்டா ஃபைனல் டிரான்சிஸ்டர் தாங்காது. ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன் வச்சிருக்கோம்.

சரி, வயரிங். ஜிஎம்338 பின்னாடி 20 பின் ஆக்சசரி சாக்கெட் இருக்கு. டிரான்ஸ்மிட் ரேடியோவுல பின் 3 பிடிடி (பேசுற பட்டன்), பின் 5 ஃப்ளாட் ஆடியோ (ஃபில்டர் போடாத ஆடியோ) உள்ள போறது, ரிசீவ் ரேடியோவுல பின் 11 ஆடியோ வெளிய வர்றது, பின் 7 கிரவுண்ட். சோல்டர் பண்றது அரை மணி நேர வேலை. ஆனா அதோட முடிஞ்சதுன்னு நினைச்சு நாங்க மூணு வாரம் இழுத்தோம். ரேடியோவை புரோகிராம் பண்ற சாஃப்ட்வேர்ல பின் 3-ஐ டேட்டா பிடிடின்னு மாத்தணும், இல்லாட்டி பின் 5-ல போற ஆடியோ வெளியவே போகாது, ரேடியோ மைக் ஆடியோவைத்தான் எடுக்கும். அதே மாதிரி ரிசீவ் ஆடியோ டைப்பை ஃப்ளாட், அன்ஸ்குவெல்ச்னு மாத்தணும். ஸ்பீக்கருக்குப் போற ஆடியோ நம்ம காதுக்கு இதமா இருக்கணும்னு ஃபில்டர் போட்டு வர்றது, டிஜிட்டல் சிக்னல் அந்த ஃபில்டர்ல போனா ஷேப்பே கெட்டுப் போயிடும், டிஎம்ஆர்ல இருக்குற நாலு லெவலும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். நாங்க மாத்துறதுக்கு முன்னாடி பிட் எரர், அதாவது தப்பா வந்து சேருற பிட்டோட அளவு, 6 சதவீதத்துல நின்னுச்சு, குரல் ரோபோ மாதிரி உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. மாத்துன பிறகு 0.5 சதவீதத்துக்குக் கீழ. இந்த ரெண்டு செட்டிங் தெரியாம போர்டு மேல பழி போட்டுக்கிட்டு இருந்தோம், போர்டு மேல தப்பே இல்ல.

போர்டு மேல தப்பு இருக்குற இடம் வேற. எங்களுக்கு வந்த போர்டுல லெவல் செட் பண்ற டிரிம்பாட் ரெண்டும் மட்டமான சாமான். ஸ்க்ரூடிரைவர் வச்சு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை திருப்புனா லெவல் தாவிடும், சூடு ஏறுனா அதுவா நகரும். மத்தியானம் நல்லா இருந்தது ராத்திரி பிட் எரர் ஏறி நிக்கும். கடைசியில பழைய டிரிம்பாட்டைக் கழட்டி நல்ல மல்டி டர்ன் டிரிம்பாட் வாங்கிப் போட்டோம், ஒண்ணு சில வெள்ளிதான், ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவை கூட தொட வேண்டி வரல. புதுசா வாங்குறவங்க போர்டு வந்த அன்னைக்கே மாத்திடுங்க. எல்லா போர்டும் இப்படி இருக்கும்னு சொல்லல, டிசைன் ஓப்பனா இருக்குறதால பல பேரு செஞ்சு விக்கிறாங்க, ஒவ்வொருத்தர் போடுற சாமான் ஒவ்வொரு மாதிரி. வாங்குறதுக்கு முன்னாடி டிரிம்பாட் குளோசப் போட்டோ கேளுங்க. டிசிஎக்ஸ்ஓ கிரிஸ்டல் இருக்கான்னும் கேளுங்க, சாதாரண கிரிஸ்டல்னா சூட்டுக்கு கிளாக் நகரும், நீளமா பேசுனா டிஎம்ஆர் பிசிறும்.

லெவல் செட் பண்றதுதான் இந்த வேலையோட உயிர். எம்எம்டிவிஎம்கேல்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, அதை ஓட்டி டிஎம்ஆர் டீவியேஷன் மோடுல போட்டா 1200 ஹெர்ட்ஸ் டோன் வரும், அந்த டோன்ல டிரான்ஸ்மிட்டரோட டீவியேஷன் (ஃப்ரீக்வென்சி ரெண்டு பக்கமும் ஆடுற அளவு) 2.75 கிலோஹெர்ட்ஸ் நிக்கணும். காதுல கேட்டு இதைச் செட் பண்ண முடியாது, தயவு செஞ்சு முயற்சி பண்ணாதீங்க. இதை அளக்குற கருவி, சர்வீஸ் மானிட்டர், இருந்தா ரெண்டு நிமிஷம். எங்களுக்கு பட்டர்வொர்த்ல ரேடியோ சர்வீஸ் பண்ற ஒரு அண்ணன் மானிட்டரைத் தூக்கிட்டு வந்து மொட்டை மாடியில உக்காந்து செட் பண்ணிக் கொடுத்தாரு, காசு வாங்கல, கீழ மாமாக் கடையில தே தாரிக்கும் ரொட்டி சானாயும் மட்டும் வாங்கிக்கிட்டாரு. டிரான்ஸ்மிட் செட் பண்ணிட்டு அடுத்து ரிசீவ் பக்கம், அதுக்கு ஒரு நல்ல டிஎம்ஆர் கையடக்க செட்டை வச்சு பேசிக்கிட்டே பிட் எரர் பார்த்து இறக்கணும். இன்னொண்ணு, சில ரேடியோவுல ஆடியோவோட போலாரிட்டி தலைகீழா வரும், அனலாக்ல அது தெரியவே தெரியாது, டிஎம்ஆர்ல ஒரு சத்தமும் வராது. கான்ஃபிக்ல டிஎக்ஸ் இன்வெர்ட், ஆர்எக்ஸ் இன்வெர்ட்னு ரெண்டு வரி இருக்கு, 0-வை 1 ஆக்கிப் பாருங்க.

இப்ப சார் விஷயத்துக்கு வர்றேன்.

முதல் வாரம் எல்லாத்தையும் திறந்து விட்டோம். டிஎம்ஆர் பிராண்ட்மெய்ஸ்டர்ங்கற உலக நெட்வொர்க்ல சேந்தாச்சு, மலேசியாவோட டாக்குரூப் (எல்லாரும் சேந்து பேசுற அறை மாதிரி) 502-ஐ டிஎம்ஆரோட ரெண்டு ஸ்லாட்ல ஒரு ஸ்லாட்ல நிரந்தரமா போட்டாச்சு, யேசு சிஃபோர்எஃப்எம் ஆளுங்க கூடுற ஒயெஸ்எஃப் ரிஃப்ளெக்டர் ஒண்ணுல சேந்தாச்சு, எஃப்எம்மும் ஆன். பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மூணாவது நாள் சார் எனக்கு ஃபோன் அடிச்சாரு. “தம்பி, செட்டு ரிப்பேரா? நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ரிப்பீட்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது, நடு நடுவுல ஒரே கர்ருனு இரைச்சல்.” எனக்குச் சங்கடமா போச்சு. அவர் செட்டுல ஒரு பழுதும் இல்ல, நாங்க செஞ்ச வேலை அது.

நடந்தது என்னன்னா, இந்த போர்டு ஒரு நேரத்துல ஒரு மோடுதான் ஓட்டும். நெட்வொர்க்ல இருந்து டிஎம்ஆர் கால் வந்தா ரிப்பீட்டர் டிஎம்ஆருக்குப் போயிடும், பேச்சு முடிஞ்சாலும் கொஞ்ச நேரம் அதுலயே காத்திருக்கும், அதுக்குப் பேரு மோட் ஹேங். அந்த நேரத்துல எஃப்எம்ல யாரு கூப்பிட்டாலும் அதுக்குக் காது கிடையாது. எங்களுக்கு வந்த செட்டப்ல அது 20 செகண்டுல இருந்துச்சு. பிஸியான டாக்குரூப்ல 20 செகண்டுக்குள்ள அடுத்த ஆள் பேசிடுவாங்க, அதனால ரிப்பீட்டர் டிஎம்ஆர்லயே மாட்டிக்கிட்டு நிக்கும், சார் மாதிரி ஆளுங்க வெளியில நிக்கணும். இரைச்சலுக்குக் காரணம், டிஎம்ஆர் சிக்னலை எஃப்எம் ரேடியோ அப்படியே ஆடியோவா எடுத்துக்குச்சு.

சரி பண்ணது இப்படி. நெட்வொர்க் மோட் ஹேங்கை 3 செகண்டுக்கு இறக்குனோம், ரேடியோ பக்கத்து ஹேங் 10 செகண்ட். 502-ஐ நிரந்தரமா போட்டதை எடுத்துட்டோம், வேணுங்கறவங்க பட்டனை அமுக்கித் திறந்துக்கட்டும். எஃப்எம்முக்கு சிடிசிஎஸ்எஸ், அதாவது குரலோட சேந்து போற அடையாள டோன், 88.5 ஹெர்ட்ஸ், உள்ள வர்றதுக்கும் அதே டோன், வெளிய போறதுக்கும் அதே டோன். சார் வீட்டுக்குப் போயி அவர் ரெண்டு செட்டுலயும் டோன் ஸ்குவெல்ச் போட்டுக் கொடுத்தோம். அதுக்கப்புறம் டிஎம்ஆர் ஓடுறப்ப அவர் ஸ்பீக்கர் அமைதியா இருக்கும், எஃப்எம்ல யாராச்சும் பேசுனா மட்டும் திறக்கும். ரிப்பீட்டரை மிக்ஸட் மோடுக்கு மாத்தப் போறீங்கன்னா முதல் நாளே உங்க அனலாக் ஆளுங்க ஒவ்வொருத்தர் செட்டுலயும் டோன் இருக்கான்னு வீடு வீடா போயி பாருங்க. நாங்க அதைச் செய்யாம மூணு நாள் ஒரு பெரியவரைத் தவிக்க விட்டுட்டோம், அது இன்னமும் மனசுல உறுத்துது.

அடுத்தது எஃப்எம்மை நெட்வொர்க்ல கோக்குறது. எம்எம்டிவிஎம்ஹோஸ்ட்ல எஃப்எம் நெட்வொர்க்னு ஒரு பகுதி இருக்கு, அது யுஎஸ்ஆர்பிங்கற புரோட்டோகால்ல ஆடியோவை வெளிய அனுப்பும். அதை இன்னொரு ராஸ்பெர்ரி பையில ஓடுற ஆல்ஸ்டார்லிங்க் நோடுக்குக் கொடுத்தோம். ஆல்ஸ்டார்ங்கறது ஆஃபீஸ் டெலிஃபோனுக்குப் பயன்படுத்துற ஆஸ்டெரிஸ்க் சாஃப்ட்வேர் மேல ஜிம் டிக்சன், டபிள்யூபி6என்ஐஎல், கட்டி எழுப்புனது, அவர் 2016-ல இறந்துட்டாரு, ஆனா அவர் செஞ்சது உலகம் பூரா ரிப்பீட்டர்களை இன்னைக்கும் சேத்து வச்சிருக்கு. அதே நோடுல எக்கோலிங்க்கும் ஓடும், 2002-ல இருந்து இருக்குற பழைய சமாச்சாரம், ஃபோன்ல ஆப் போட்டு பேசிக்கலாம்.

முதல்ல சார் குரல் கேஎல்ல கேட்டப்ப அங்க இருந்து வந்த பதில், டின்னுக்குள்ள இருந்து பேசுற மாதிரி கீச்சுனு இருக்குன்னு. எஃப்எம்ல அனுப்புறப்ப உச்ச ஸ்தாயியைத் தூக்கி அனுப்புவாங்க, வாங்குறப்ப இறக்குவாங்க, ப்ரீ எம்ஃபசிஸ், டி எம்ஃபசிஸ்னு சொல்றது. நாங்க ஃப்ளாட் ஆடியோ எடுக்குறதால அந்த இறக்குற வேலையை சாஃப்ட்வேர்தான் செய்யணும், கான்ஃபிக்ல டி எம்ஃபசிஸ் 0-ன்னு இருந்துச்சு. 1 ஆக்குனோம், குரல் அப்படியே சார் குரலா மாறிடுச்சு. அவரோட மாணவன் கேஎல் செராஸ்ல இருந்து பேசுனான், “சார், வணக்கம் சார், கிளாஸ்ல கேட்ட மாதிரியே இருக்கு சார்”னு. சார் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பிறகு, “நல்லா படிக்கிறியா”ன்னு கேட்டாரு. அவனுக்கு 43 வயசு, ரெண்டு பிள்ளைக்கு அப்பா. நான் மொட்டை மாடியில லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன், கண்ணு கலங்கிடுச்சு.

இன்டர்நெட் லைன் பத்தி கொஞ்சம். மொட்டை மாடியில முதல்ல மொபைல் டேட்டா ரவுட்டர் வச்சோம், அதுல பப்ளிக் ஐபி கிடையாது, ஒரே ஐபியை பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்குற சிஜிநாட். டிஎம்ஆருக்கும் ஒயெஸ்எஃப்க்கும் அது பிரச்சனை இல்ல, நம்ம பக்கத்துல இருந்து வெளிய போயி சேருறது அது, யுடிபி 62031-ம் 42000-மும் வெளிய போனா போதும். ஆல்ஸ்டார்ல நாம கூப்பிடலாம், வெளியில இருந்து நம்மைக் கூப்பிட யுடிபி 4569 திறந்திருக்கணும், எக்கோலிங்க்குக்கு 5198, 5199. சிஜிநாட்ல அது நடக்காது. ஒரு சின்ன விர்ச்சுவல் சர்வர் எடுத்து வயர்கார்ட் டன்னல் (இன்டர்நெட்டுக்குள்ள தனிப் பாதை) போட்டு முடிச்சோம், மாசம் கொஞ்சம் வெள்ளி, குரூப்ல பங்கு போட்டுக்குறோம்.

இப்ப இந்த போர்டோட பெரிய குறை. வாங்குற எல்லாரும் இதைத்தான் தப்பா புரிஞ்சுக்குறாங்க. அனலாக்கும் டிஜிட்டலும் ஒரே ரிப்பீட்டர்ல ஓடும்னா ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கலாம்னு நினைச்சுடாதீங்க. டிஎம்ஆர்ல உள்ள போனது டிஎம்ஆராவேதான் வெளிய வரும், எஃப்எம்ல போனது எஃப்எம்மாவே வரும். நான் ஆயர் ஈத்தாம்ல டிஎம்ஆர்ல பேசுனா புக்கிட் மெர்தாஜாம்ல இருக்குற சாருக்கு ஒரு வார்த்தை கேக்காது, ஒரே ரிப்பீட்டர்ல இருந்தாலும். டிஎம்ஆர் குரலை சாதாரண ஆடியோவா மாத்துற ஏஎம்பிஇ3000 சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள் ஒண்ணு வச்சு டிஎம்ஆர் டாக்குரூப்பையும் ஆல்ஸ்டாரையும் பாலம் போட்டிருக்கோம், அதனால நான் டிஎம்ஆர்ல பேசுறது கேஎல் எஃப்எம் ரிப்பீட்டர் ஆளுங்களுக்குக் கேக்கும், ஆனா சாருக்குக் கேக்காது, ஏன்னா அந்த நேரத்துல எங்க டிரான்ஸ்மிட்டர் டிஎம்ஆரை அனுப்பிக்கிட்டு இருக்கு. 350 கிலோமீட்டர் தள்ளி இருக்குறவனுக்குக் கேக்குது, கடலுக்கு அந்தாண்ட கண்ணுக்குத் தெரியிற ஊர்ல இருக்குறவருக்குக் கேக்கல. இதுக்கு இந்த போர்டுல தீர்வு கிடையாது, ஒரு டிரான்ஸ்மிட்டரால ஒரு நேரத்துல ஒண்ணுதான் அனுப்ப முடியும்.

இந்த ஒரு விஷயத்துல யேசுவோட ஃப்யூஷன் ரிப்பீட்டர் மேல. அதுல உள்ள வர்றதை ஆட்டோவுல வச்சு வெளிய போறதை எஃப்எம்லயே நிறுத்தி வைக்கலாம், சிஃபோர்எஃப்எம்ல பேசுனாலும் எஃப்எம்மா வெளிய வரும், எல்லாருக்கும் கேக்கும். உங்க குரூப்ல எல்லாரும் யேசு ரேடியோதான், டிஎம்ஆர் வேண்டவே வேண்டாம்னா அதையே வாங்குங்க, பெட்டியைத் திறந்து மாட்டுனா வேலை செய்யும், சோல்டரிங், டிரிம்பாட் ஒண்ணும் கிடையாது. எங்க குரூப்ல பாதி பேருகிட்ட மலிவான டிஎம்ஆர் செட்டுதான் இருக்கு, அதனால எங்களுக்கு அது ஒத்து வரல.

நாங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். தினமும் ராத்திரி 8 மணியில இருந்து 10 மணி வரைக்கும் ரிப்பீட்டர் எஃப்எம் மட்டும்தான். எம்எம்டிவிஎம்ஹோஸ்ட்டுக்கு வெளியில இருந்து கட்டளை கொடுக்குற வசதி இருக்கு, 8 மணிக்கு கிரான்ங்கற டைமர்ல மோட் எஃப்எம்னு ஒரு கட்டளை போகும், 10 மணிக்குத் திரும்ப பழைய நிலைக்கு வரும். அந்த ரெண்டு மணி நேரம் டிஎம்ஆர் வச்சிருக்குறவங்களும் செட்டை அனலாக்குக்குத் திருப்பிக்கிட்டு வந்துடுவாங்க, பெரும்பாலான டிஎம்ஆர் செட்டுல அனலாக்கும் இருக்கு, அவங்களுக்கு அது ஒரு சானல் மாத்துற வேலை. யார் யார் வந்திருக்காங்கன்னு சார்தான் செக்-இன் எடுக்குறாரு. முதல்ல ரெண்டு பேரு முணுமுணுத்தாங்க, இப்ப அந்த ரெண்டு பேரும்தான் 8 மணிக்கு முன்னாடியே வந்து நிக்கிறாங்க.

டிஜிட்டல் வந்ததுல யாருக்கு லாபம்னு கேட்டா, பாலிக் புலாவ்ல இருக்குற எங்க நண்பர் ஒருத்தருக்கு. நடுவுல கொடிமலை, 833 மீட்டர், எங்க ரிப்பீட்டர் அவர் வீட்டுக்கு எட்டவே எட்டாது, பல வருஷமா அவர் எங்க கூட பேசுனதே ஜார்ஜ்டவுன் வர்றப்ப காடியில (கார்ல) இருந்துதான். இப்ப வீட்டுல ஒரு சின்ன ஹாட்ஸ்பாட் வச்சு பகல்ல டிஎம்ஆர்ல வந்துடுறாரு. ராத்திரி எஃப்எம் நேரத்துல எக்கோலிங்க்ல வர்றாரு. டிஎம்ஆர்ல ரெண்டு ஸ்லாட் இருக்குறதும் நல்ல வசதி, 30 மில்லிசெகண்ட் அவங்களுக்கு, 30 மில்லிசெகண்ட் இவங்களுக்குன்னு ஒரே ஃப்ரீக்வென்சியில ரெண்டு பேச்சு ஓடும், ஒண்ணுல லோக்கல், இன்னொண்ணுல வெளியூர்.

ஆனா தைப்பூசத்துல ஒண்ணு பார்த்தோம். எங்க ஆளுங்க நாலு பேரு தண்ணிமலை ரோட்டுல ஒரு தண்ணிப்பந்தல்ல தொண்டு செஞ்சாங்க, கையடக்க செட்டு வச்சிருந்தாங்க. அந்த இடம் ஆயர் ஈத்தாம்ல இருந்து கிட்டதான், ஆனா நடுவுல மலை இறங்கி வருது. டிஎம்ஆர்ல பேசுனா ரெண்டு வார்த்தை தெளிவா வரும், மூணாவது வார்த்தை சுத்தமா இருக்காது, எங்க அறுந்துச்சுன்னே தெரியாது. எஃப்எம்முக்கு மாத்துனா இரைச்சலோட வரும், ஆனா “மோர் தீந்து போச்சு, ஐஸ் கொண்டு வாங்க”ங்கறது புரியும். மேல கோயில் படி ஏறி நின்னா ரெண்டும் சுத்தமா வந்துச்சு. அன்னைக்கு முழுக்க எஃப்எம்லயே ஓட்டுனோம். சிக்னல் கம்மியான இடத்துக்கு அனலாக்கை விட்டா வேற இல்லைன்னு எனக்கு அன்னைக்கு உறுதியாச்சு, அதனால டிஜிட்டல் வந்துடுச்சு அனலாக்கை மூடிடலாம்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

சாஃப்ட்வேர் போடுறது பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. பை-ஸ்டார்ங்கற ரெடிமேட் சாஃப்ட்வேரை மெமரி கார்டுல எழுதி போட்டா டிஜிட்டல் எல்லாம் வெப் பக்கத்துல கிளிக் பண்ணியே முடிச்சுடலாம், எஃப்எம் பகுதிக்கு மட்டும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து கையால எழுதணும். மெமரி கார்டு நல்லதா வாங்குங்க. இடி மின்னலுக்கு ஆன்டெனா லைன்ல அரெஸ்டர் கட்டாயம், நம்ம ஊர்ல சாயங்காலம் ஆனா இடிதான். மே மாசம் ஒரு நாள் இடியில எங்க ரவுட்டர் போச்சு, போர்டு தப்பிச்சுது.

மொத்த செலவு, ரேடியோ ரெண்டு, போர்டு, பை ரெண்டு, டாங்கிள், வயர் எல்லாம் சேத்து 2,000 வெள்ளிக்குள்ள முடிஞ்சுது, டூப்ளெக்ஸரும் ஆன்டெனாவும் ஏற்கனவே இருந்தது. போர்டுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு நாலு, அந்த டிரிம்பாட்டுக்காக ஒண்ணு குறைச்சுட்டேன். அளந்து செட் பண்ண வசதி இல்லாதவங்க, சேந்து வேலை பார்க்க ரெண்டு ஆள் இல்லாதவங்க இதை வாங்க வேண்டாம்னு தெளிவா சொல்லிடுறேன், கம்பெனி ரிப்பீட்டரே வாங்கிக்குங்க.

வடக்குப் பக்கம் இருக்குறவங்க, பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி, கூலிம் ஆளுங்க யாராச்சும் இதே போர்டு வாங்கி லெவல்ல மாட்டிக்கிட்டு இருந்தா, ராத்திரி 8 மணிக்கு ரிப்பீட்டர்ல வந்து சார்கிட்ட செக்-இன் பண்ணிட்டு சொல்லுங்க. டோன் 88.5. மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை மானிட்டர் அண்ணன் வர்றாரு, ரெண்டு ரேடியோவையும் போர்டையும் பவர் சப்ளையோட தூக்கிட்டு வாங்க, ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டுற டம்மி லோடு எங்ககிட்ட இருக்கு.